ஜமீன் யார் வீட்டில் சாப்பிட்டான்?

ஜூன் 3, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டியையும் குடங்களையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஜமீன் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று உறைத்தது. சோற்றுக்கு வராமல் அவன் இருந்ததே இல்லை.

தேடினால், மாடிப்படியின் உச்சியில் மல்லாந்து கிடக்கிறான். சுகந்தி அவன் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஜமீன் வயிற்றைத் தொட விடமாட்டான். எனக்கே மூன்றாவது வருடம்தான் விட்டான்.

"பிஸ்கட்டு எத்தன சாதுவுங்க்கா" என்றாள்.

"யாரு பிஸ்கட்டு?"

"இவந்தானுங்க. நெறத்தப் பாருங்க, அடுப்புல இருந்து எடுத்த பிஸ்கட்டாட்டவே இருக்கறான்."

"அவன் பேரு ஜமீன்."

"அப்படியுங்களா" என்று சிரித்தாள். ஆனால் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. நான் இறங்கி வரும்போதும் பிஸ்கட்டு, பிஸ்கட்டு என்றுதான் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

இவருடைய தம்பி மோகன்ராஜ் மஸ்கட்டில் இருக்கிறான். ஒண்டியாக இருக்கிறாளே என்று அவன் மனைவி சுகந்தியைப் போன மாதம் எங்கள் மாடியில் குடிவைத்தோம். அது இவர் யோசனை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இவருடைய லேத்துப் பட்டறைக்குப் பின்னால் கண் திறக்காமல் கிடந்த பூனைக்குட்டியை இங்க் ஃபில்லரில் பால் ஊட்டிப் பிழைக்க வைத்தது நான். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் என்பது மூன்று பேர் ஆனது அன்றைக்குத்தான். எதற்கும் எழுதி வைக்கிறேன்.


ஜூன் 7, சனி

சுகந்தி அரிசியும்பருப்புச் சாதம் செய்து தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினாள். இவர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்.

"ஏன் கோகிலா, நீயும் இத்தன வருசமாச் செய்யறே. இந்த வாசம் வர்றதே இல்லையே?"

நெய்யை அப்படி ஊற்றினால் கல்லும் மணக்கும். சொல்லவில்லை. தூக்குப்போசியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

மேலே பகல் முழுவதும் பேச்சுச் சத்தம், சிரிப்பு. யாரிடம்தான் போனில் அவ்வளவு பேசுவாளோ. என் போனுக்கு இன்றைக்கு வந்தது கேஸ் கம்பெனி குறுஞ்செய்தி.


ஜூன் 11, புதன்

மாவு புளிக்கவில்லை. ஜமீன் நாள் முழுக்க மேலே.


ஜூன் 14, சனி

அவனுக்கென்று சுகந்தி தனிக் கிண்ணம் வாங்கியிருக்கிறாள். எவர்சில்வர். அடியில் வழுக்காமல் ரப்பர் வேறு. பொட்டலத்தில் வரும் பூனைத்தீனியும் வைத்திருக்கிறாள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது கண்ணில் பட்டது. நானாகப் போய்ப் பார்க்கவில்லை.

சாயங்காலம் உக்கடம் போய் மத்தி மீன் வாங்கி வந்து, முள் எடுத்து, மஞ்சள்கூடப் போடாமல் வேகவைத்துக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டான். மீசையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டான்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டல்ல சாப்புட்டு வூட்டுக்குப் போறானாட்ட" என்றார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு நல்ல நாள்.

நாளைய பூஜைக்கு மல்லிகை வாங்கியிருந்தேன். நார் தீர்ந்துவிட்டதால் நூலில் கட்டினேன். நூல் முனையை லேசாக ஆட்டினேன். ஜமீன் பாய்ந்து வந்தான்! குட்டியாக இருந்தபோது பாய்வானே, அதேபோல். அப்புறம் பூக்கட்டும் வேலை எங்கே நடந்தது? ஒரு முழம் நூலில் நாலு பூவை முடிந்து தரையில் இழுப்பதும், அவன் பதுங்கிப் பிடிப்பதுமாக மத்தியானமே போய்விட்டது.

நடுவில் சுகந்தி படியில் நின்று, "பிஸ்கட்டு, வா சாமி, பால் குடிக்கலாம்" என்றாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு வரமாட்டான் சுகந்தி" என்றேன். தேவைக்கு அதிகமாகச் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்னமோ.

குக்கரை இறக்க எழுந்து போய்வந்தேன். பூவெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அவன் வாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூவைக் கூட்டி அள்ளினேன். நூல் எங்கோ ஓடிவிட்டது. ராத்திரி என் காலடியில்தான் படுத்தான்.


ஜூன் 17, செவ்வாய்

கால்மிதியில் வாந்தி எடுத்து வைத்திருக்கிறான். சோறும் இல்லை, முடியும் இல்லை, மஞ்சள் நுரை மட்டும். பால் கொடுக்காதே என்று அவளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னால் அவளுக்குச் சிரிப்பு.

துடைத்துப் போட்டேன். மேலே போய்க் கேட்கவில்லை. என்ன கொடுத்தாளோ, அது அவள் மனசாட்சிக்குத் தெரியும்.


ஜூன் 18, புதன்

மத்தியைக் கிண்ணத்தில் வைத்தேன். வந்தான், முகர்ந்தான், என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். போய்ச் சுவரோரமாக உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். எச்சில் ஊறி ஊறி விழுங்கினான். மேலே என்ன ருசி கண்டானோ, இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

மணல் தட்டும் சுத்தமாக இருக்கிறது. அள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாடும் அங்கே, கழிப்பதும் அங்கே.

மீனைத் தெருநாய்க்குப் போட்டேன். அதுவாவது வாலை ஆட்டியது.


ஜூன் 19, வியாழன்

காலையில் இன்னொரு தடவை நுரை. பிறகு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நாலு காலையும் உள்ளே மடக்கி, முதுகைக் கூனி, கோழி அடைகாப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறான். தூங்கவும் இல்லை. கையை விட்டு வயிற்றைத் தடவினேன். உறுமினான்.

என்னைப் பார்த்து உறுமினான்.

இவர் சாப்பிட வந்தபோது குனிந்து பார்த்தார். "சோர்ந்த மாதிரி இருக்கறானே. டாக்டர்கிட்டக் காட்டலாமா?"

"மேல தூக்கிட்டுப் போனா எல்லாம் சரியாயிருவான்" என்றேன்.

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.


ஜூன் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது சுகந்தி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, பிஸ்கட்டு நேத்துப் பூரா மேல வரவே இல்லீங்க. இங்க நல்லாச் சாப்புடறானுங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "இங்க எங்க சாப்புடறான்? எல்லாம் உன்ற வூட்லதான?"

"எங்கூட்லயா?" அவள் முகம் மாறிவிட்டது. "ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் எங்கூட்ல ஒரு வாய் வெக்கலீங்க்கா. வருவான், மோந்து பாப்பான், போயிருவான். நீங்க மீன் வேக வெக்கறீங்கல்ல, அந்த ருசில நம்ம தீனி புடிக்கலையாட்டன்னு..." குரல் அடங்கிப்போயிற்று. "கேக்கலாம்னுதான் நெனச்சேனுங்க. கேட்டா மேல வுடாம வெச்சுக்குவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்தோம். மூலையில் அதே கூனலோடு உட்கார்ந்திருந்தான். கழுத்து முடி ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது. எச்சில்.

அப்படியானால் இத்தனை நாளும் யார் வீட்டில்தான் சாப்பிட்டான்?

அடுப்பை அணைத்தேன். சுகந்தி துணிக்கூடையில் இருந்ததைக் கொட்டிவிட்டு அதில் துண்டை விரித்தாள். ஆட்டோவில் போகும்போது கூடையை யார் மடியில் வைப்பது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவள் மடியில்தான் இருந்தது.

டாக்டரம்மா பேர் ஷாஹினா. சின்ன வயசு. மேசையில் நிறுத்தித் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் சட்டென்று இறங்காமல் கூடாரம்போல் நின்றது. வயிற்றை இரண்டு விரலால் அழுத்தினார். ஜமீன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப வெளிக்குப் போனான்?"

அதற்கும் அப்படியே.

"வாந்தி எத்தனை தடவை?"

"ரெண்டு" என்றேன் நான். "மேலயும் ரெண்டு" என்றாள் சுகந்தி.

டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "பூனை ரெண்டு வீட்டுக்குப் பொதுவா? அப்ப ரெண்டு வீடும் பேசிக்கணும்மா. இதுங்க வலியைக் காட்டிக்காது. சாப்பாட்டை மோந்துட்டுத் திரும்பினா, உதட்டை நக்கிட்டே இருந்தா, ஒளிஞ்சு உட்கார்ந்தா, அதுதான் பூனை சொல்ற பாஷை."

உதட்டை நக்கியது ருசியில் இல்லை. குமட்டலில்.

பிறகு அவன் வாயைத் திறந்து, நாக்கை மேலே தூக்கி, டார்ச் அடித்தார். "வந்து பாருங்க."

நாக்கின் அடிவேரில் ஒரு நூல் சுற்றிக்கொண்டு சதையை அறுத்திருந்தது. ஒரு முனை தொண்டைக்குள் போயிருந்தது. சுகந்தி கை நீட்டினாள். டாக்டரம்மா பிடித்துவிட்டார். "இழுக்கவே கூடாது. பின்பக்கம் நூல் தெரிஞ்சாலும் இழுக்கக் கூடாது. உள்ள குடல் கிழிஞ்சுரும். ஸ்கேன் பாத்துட்டு இப்பவே ஆபரேஷன் பண்ணணும். நூல் வெச்சு யாராவது விளையாட்டுக் காட்டினீங்களா?"

நான் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு முடிச்சு இருந்தது. பூக்கட்டும் முடிச்சு எனக்குத் தெரியாதா?

"எங்கூட்லதானுங்க டாக்டர் இருக்கும்" என்றாள் சுகந்தி. "ஜாக்கெட்டுக்கு ஆரி எம்ப்ராய்டரி வேலை செய்யறேனுங்க. நூல் எங்க பாத்தாலும் கெடக்கும். நாந்தான் பாக்காம வுட்டுட்டேன்." சொல்லும்போதே உடைந்து அழ ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே தூக்கிப் போனார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.


ஜூன் 21, சனி

பிழைத்துவிட்டான். ஆனால் இன்னும் நாலைந்து நாள் கண்டம் இருக்கிறது என்கிறார்கள். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குமே, அப்படிக் குடல் முழுக்க நூலில் சுருங்கிக் கிடந்ததாம். இரண்டு இடத்தில் திறந்து எடுத்திருக்கிறார்கள். கூண்டுக்குள் படுத்திருந்தான். என்னைப் பார்த்துக் கண்ணை ஒரு தடவை மெல்ல மூடித் திறந்தான். எனக்குப் பின்னால்தான் சுகந்தியும் நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளையும் கீழே கூப்பிட்டார் இவர். சாப்பிடாமல் தட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நூலையெல்லாம் ஒரு பொட்டில போட்டு மூடி வெக்கக் கூடாதா சுகந்தி? வாயில்லாச் சீவன்" என்றார். கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து அவளுக்கு வந்த முதல் குறை அதுதான்.

"தப்புத்தானுங்க மாமா" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

எனக்கு வழக்கத்தைவிட ஒரு தோசை அதிகமாக இறங்கியது.


ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி பிளாஸ்டிக் மாட்டியிருக்கிறார்கள், தையலை நக்காமலிருக்க. வயிற்றில் முடியே இல்லை. ஜமீன் என்ற பேருக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், தோலுரித்த கோழி மாதிரி இருக்கிறான். வேகவைத்த கோழியை மசித்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். முக்கியமாக வெளிக்குப் போகிறானா என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் போகவில்லை என்றாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். தைத்த இடத்தில் குடல் கூடியிருந்தால்தான் அது நடக்குமாம்.

சுகந்தி படியிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வா" என்றார் இவர்.

"வேண்டாமுங்க மாமா. நான் தொடாம இருக்கறதுதான் அவனுக்கு நல்லது."

மத்தியானம் பார்த்தால் அந்த எவர்சில்வர் கிண்ணமும் தீனிப் பொட்டலமும் எங்கள் வாசலில் இருக்கின்றன. கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

ஆக, ஜமீன் இனி முழுக்க என்னுடையவன். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.


ஜூன் 23, திங்கள்

மேலே சத்தமே இல்லை. பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. காலையிலிருந்து துணி தேய்க்கும்போதும், வெங்காயம் நறுக்கும்போதும் காது அங்கேயே இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. அவள் போனில் யாருடனும் பேசிக்கொண்டிருந்ததில்லை. பகலெல்லாம் அவள் பேசியது இவனிடம்.

பட்டறையிலிருந்து இவர் போனில் கூப்பிட்டார். மோகன் பேசினானாம். சுகந்தி அழுகிறாளாம், காங்கேயத்தில் அவள் அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்கிறாளாம். "ஒரு பூனைக்கு இத்தன வெசனமா? நீ சித்தப் போயிச் சொல்லேன் கோகிலா" என்றார்.

ஜமீன் ஒரு ஸ்பூன் கூழ் சாப்பிட்டான். பிறகு புனலைத் திருப்பி வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அவன் எனக்கு மேலாக வாசலையே பார்த்தான்.

போகட்டுமே, காங்கேயம் ஒன்றும் தூரம் இல்லை என்று நினைத்தேன். அரிசியும்பருப்பு வாசனை இருக்காது. படியில் யாரும் பிஸ்கட்டு என்று கூப்பிடமாட்டார்கள். இரண்டு மணி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன்.

கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆரிச் சட்டம் இருந்த இடமே தெரியவில்லை. நூலெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாளாம்.

"அது உன்ற நூல் இல்ல" என்றேன்.

"என்னங்க்கா?"

"பூக்கட்டுன நூல். ஞாயித்துக்கெழமை நாந்தான் ஆட்டி ஆட்டி வெளையாட்டுக் காட்டுனேன். அதத்தான் முழுங்கியிருக்கறான்."

மடித்த புடவை கையில் அப்படியே நின்றது. "எப்பத் தெரியுமுங்க்கா?"

"டாக்டரு டார்ச் அடிச்சப்பவே. முடிச்சப் பாத்துட்டேன்."

புடவையைப் பெட்டியில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் அங்க அழுதுட்டு நின்னப்பத் தெரியுமுங்களா?"

"ம்."

"மாமா என்னச் சொன்னப்ப?"

"ம்."

"நான் ஒரு உசுரக் கொன்னுட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க. சோறு எறங்கல, தூங்கல. கீழ உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தீங்களா? ஏனுங்க்கா?"

என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அவன் உன்றகிட்டயே வந்துட்டு இருந்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். நான் வெளியே வந்ததும் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் இவரிடமும் சொல்லிவிட்டேன். எழுந்து, படியேறிப் போய், மூடிய கதவுக்கு வெளியே நின்று, "சுகந்தி, நான் சொன்னது தப்பும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். என்னிடம் பேசவில்லை. தோசையைத் தானே சுட்டுக்கொண்டார்.


ஜூன் 24, செவ்வாய்

காங்கேயம் போகவில்லை. பதினோரு மணிக்கு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு நேராகக் கட்டிலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஜமீன் புனலோடு நகர்ந்து நகர்ந்து வந்து அவள் தொடையில் தலையை வைத்தான். புனல் இடித்தது. சரிசெய்துகொண்டு மறுபடி வைத்தான். அவன் தொண்டையிலிருந்து அந்தக் குர்குர் சத்தம் வந்தது. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எனக்கு அது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

சமையலறைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். மருந்து கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வாயோரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் விட வேண்டும். நேற்று ஒண்டியாகக் கொடுத்ததில் பாதி என் புடவையில்தான் இருந்தது. சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

அவள் என்னிடம் பேசவில்லை. அவனிடம் சொன்னாள். "பிஸ்கட்டு, உங்கம்மாகிட்டச் சொல்லு, கைய நேராப் புடிக்கச் சொல்லி."

நான் நேராகப் பிடித்தேன்.

"வெளிக்குப் போனியாடா சாமி? போகலையா? உங்கம்மா பாத்தாளா?"

"இன்னும் போகல" என்றேன்.

"நான் பூனைகிட்டப் பேசிட்டு இருக்கறேன்" என்றாள், சுவரைப் பார்த்து.

சாயங்காலமும் வந்தாள். அதேபோல்தான். கிளம்பும்போது கிண்ணத்தை வாசலிலிருந்து எடுத்துவந்து என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.


ஜூன் 25, புதன்

காலையில் மணல் தட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. கூழைப் பாதிதான் சாப்பிட்டான். வயிறு லேசாக உப்பியதுபோல் எனக்குத் தோன்றியது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக் காலை வரை பாருங்கள், இல்லையென்றால் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். மறுபடியும் அறுப்பார்களா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் சுகந்தி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்குப் பூனையிடம்கூட அவள் பேசவில்லை. நான் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"அக்கா! அக்கா, ஓடி வாங்க!"

கரண்டியோடு ஓடினேன். ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடினேன். சுகந்தி மணல் தட்டின் முன் மண்டியிட்டிருந்தாள். ஜமீன் தட்டுக்குள் முதுகை வளைத்து, காதைப் பின்னுக்கு மடித்து, யாரையும் பார்க்காமல் மும்முரமாக இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. முடித்துவிட்டு மணலைப் புரட்டி மூடப் பார்த்தான். புனல் மணலை வாரி எங்கள் மேலேயே கொட்டியது.

சுகந்தி ஒரு குச்சியால் விலக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது? ரத்தம் கித்தம் இல்லையே? நீங்க பாருங்க்கா."

குனிந்து பார்த்தேன். சின்னது, கறுப்பு, கெட்டி.

"நல்லா இருக்குது" என்றேன். "ரொம்ப நல்லா இருக்குது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். பிறகு என்மேல் கோபமாக இருப்பது நினைவுக்கு வந்து கையை விட்டுவிட்டாள். ஆனால் மேலே போகவில்லை. ரசம் கருகிய வாசனை வந்தது. அவளே எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

முதலில் பார்த்தது அவள்தான். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னபோது, "சுகந்திதான் பாத்தா" என்று சொன்னேன்.